எல்லாருக்கும் ஒரே அளவு

அந்த ரத்தப் பரிசோதனைத் தாளில் பதினேழு வரிகள். பன்னிரண்டாவது வரியில் கெட்ட கொழுப்பு 96. அதன் பக்கத்தில், நூறுக்குக் கீழ் இருந்தால் சரி என்று அச்சிட்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறி ராஜபாளையத்துக்கு அதை எடுத்து வந்தவன் என் மனைவியின் தம்பி. முந்தின வருடம் மாரடைப்பு வந்து, மதுரையில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். டாக்டரிடம் காட்டும் முன்பே என்னிடம் காட்டினான். நூற்பாலையின் தரப் பரிசோதனைக் கூடத்தில் நான் முப்பத்தோரு வருடம் இருந்தவன். அவன் ஒன்பது வருடம் எனக்குக் கீழே வேலை பார்த்தவன். நான் தலையசைத்தால்தான் நூல் லாரி ஏறும்.

"பாஸா, பெயிலா அத்தான்?"

"நூறுக்குள்ளதான இருக்கு. பாஸ்தான் மாப்ள."

"அப்ப அந்தக் கொழுப்பு மாத்திரய விட்டுரலாமா? காலெல்லாம் ஒரே வலி."

"பாஸான சரக்க எவனாவது திருப்பி மெஷின்ல போடுவானா? விட்ரு."

டீ ஆறுவதற்குள் பேச்சு முடிந்துவிட்டது. நூற்று நாற்பத்து மூன்றாம் நாள் மறுபடி மாரடைப்பு.

"எண்ணு குறைஞ்சதே மாத்திரையாலதான். ஒருதடவை அட்டாக் வந்தவருக்கு நூறு போதாது, எழுபதுக்கும் கீழ இறக்கணும். கால் வலின்னா மாத்திரையை மாத்திக் கொடுத்திருப்போமே. யார் நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார் டாக்டர். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றிருந்தேன். அவன் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நானாத்தான் சார் நிறுத்துனேன்."

மூன்றாம் நாள் போய்விட்டான். வயது ஐம்பத்தெட்டு.

எனக்கு வருகிற ஆத்திரத்தில் முதல் பங்கு எனக்குத்தான். பேண்டேஜ் துணிக்குப் போகும் நூலுக்கு ஓர் அளவு, பனியனுக்குப் போகும் நூலுக்கு வேறோர் அளவு. எதற்குப் போகிறது என்று கேட்காமல் ஒரு கோன் நூல்கூட நான் பாஸ் செய்ததில்லை. மனிதனுக்கு மட்டும் கேட்கவில்லை. மிச்ச ஆத்திரம் அந்தத் தாளின் மேல். வழிகாட்டுதல்களைத் திருத்திக்கொண்டே வருகிறார்களாம். வயது, சர்க்கரை, ரத்த அழுத்தம், முன்பு வந்த மாரடைப்பு எல்லாம் சேர்த்துத்தான் ஆளுக்கு ஆள் அளவு வைக்க வேண்டுமாம். நல்லது. திருத்தியவர்கள் அதை டாக்டர்களுக்குச் சொன்னார்கள். எங்கள் கைக்கு வருகிற தாளில் யார் சொன்னார்கள்?

அந்தப் பரிசோதனை நிலையத்துக்கு நான்கு முறை போனேன். 'மாரடைப்பு வந்தவர்களுக்கு இந்த அளவு பொருந்தாது. டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தாதீர்கள்' என்று கீழே இரண்டு வரி போடச் சொன்னேன். "கம்ப்யூட்டர்ல வர்றதுதான் தாத்தா, நாங்க என்ன செய்ய?" என்றாள் அங்கிருந்த பெண். நான்கு முறையும் அதே பதில். ஐந்தாம் முறையும் போவேன்.

என் மனைவி தினமும் தம்பியின் படத்துக்கு விளக்கேற்றும்போது திட்டுகிறாள். "யார்ட்டயும் ஒரு வார்த்த கேக்காம நிறுத்திட்டியேடா, பாவி." பதினோரு மாதமாகப் பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவன் கேட்டான். என்னிடம்தான் கேட்டான். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். அச்சில் வருவதை அவள் ஒரு வரி விடாமல் படிப்பாள். படித்த பிறகு அவனைத் திட்டமாட்டாள்.