இரண்டு சீற்றுக் கார்

சண்டை நின்று வன்னிக்குப் பாதை திறந்திருந்த காலத்தில் வவுனியாவில் ஓய்வுபெற்ற ஒருவரிடம் அந்தக் காரை வாங்கினேன். இங்கிலாந்தில் செய்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். கடும்பச்சை நிறம், இரண்டே இரண்டு சீற்று. கூரைச் சீலை கிழிந்திருந்ததால் மழைக்குப் படங்கு கட்டுவேன். எங்கள் ஊர் கனகராயன்குளமே என்னைப் பார்த்துப் பொறாமைப்பட வேண்டும் என்றுதான் வாங்கினேன். கடைசியில் வயிறெரிந்தது எனக்குத்தான்.

அது என் மனைவியின் தம்பி சொன்னால்தான் கேட்கும். சண்டை திரும்பத் தொடங்கிப் பாதையைப் பூட்டியதும் பெற்றோல் சின்னப் போத்தலில், யானை விலைக்குத்தான் கிடைத்தது. எல்லா வாகனமும் மண்ணெண்ணெயில் ஓடின. ஆனால் எஞ்சின் ஆறிக் கிடந்தால் முதலில் நாலு சொட்டுப் பெற்றோல் விட்டுத்தான் எழுப்பவேண்டும். நான் விட்டால் இருமிவிட்டுப் படுத்துவிடும். அவன் விட்டால் ஒரே தரத்தில் ஸ்ராட். அதனால் எங்கே போனாலும் பக்கத்துச் சீற்றில் அவன் இருந்தான். சனம் அதை 'அவன்ரை கார்' என்று சொல்லத் தொடங்கியது. எனக்குச் சோறு இறங்கவில்லை.

அவனுடைய கலியாணத்துக்கு மாப்பிள்ளைக் காரும் அதுதான். அவனைப் பக்கத்தில் இருத்தி நானே கோயிலுக்கு ஓட்டிப்போனேன். நெஞ்சு நிறைந்திருந்தது. தாலி கட்டி முடித்து, பொம்பிளையை ஏற்றியபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது: மாப்பிள்ளை, பொம்பிளை, நான். சீற்று இரண்டு. இத்தனை நாளாகக் காரை வைத்திருந்த எனக்கே அது தோன்றவில்லை.

"அத்தான், நீங்கள் இறங்குங்கோ. நான் ஓட்டுறன்," என்றான்.

இறங்கினேன். எஞ்சின் ஆறிப்போயிருந்தது. "அந்தப் பெற்றோல் போத்தலைத் தாங்கோ அத்தான்."

போத்தல் என் வேட்டி மடியில் இருந்தது. "முடிஞ்சுபோச்சு," என்றேன். ஒருநாளாவது, இத்தனை சனத்துக்கு முன்னால், கார் அவனுக்கு மாட்டேன் என்று சொல்லட்டும். அவ்வளவுதான் என் ஆசை.

பொம்பிளை சிரித்துக்கொண்டே இறங்கினாள். கூறைச் சேலையைச் செருகிக்கொண்டு காரின் பின்னால் போய்த் தள்ளினாள். அதைக் கண்டு சனமும் ஓடிவந்து தள்ளியது. கார் இரண்டு தரம் குலுங்கி, வெள்ளைப் புகை கக்கி, பிடித்துக்கொண்டது. அவள் ஓடிப்போய் ஏறினாள். கிறவல் ரோட்டில் புழுதி அடங்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன்.

மனைவி பக்கத்தில் வந்து நின்றாள்.

"வேட்டி பெற்றோல் மணக்குது," என்றாள்.

நான் போத்தலை மடிக்குள் இன்னும் தள்ளினேன்.

"நீங்கள் அவனைப் பாத்து எரியிறீங்கள். நான் இவ்வளவு நாளும் அந்தச் சீற்றைப் பாத்து எரிஞ்சு கொண்டிருக்கிறன். ஒருநாள் எண்டாலும் என்னை அதில இருத்தினனீங்களே?"

யோசித்துப் பார்த்தேன். ஒருநாளும் இல்லை.