ஞானஸ்நானப் புத்தகத்தின் ஓரம்

கத்தோலிக்கக் கோயிலில் மணம் முடிக்கப்போகிறவர் கொடுக்கும் ஞானஸ்நானச் சான்றிதழ் கடந்த ஆறு மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். ஒருவர் எந்த நாட்டுக் கோயிலில் மணம் முடித்தாலும், அந்தச் செய்தி அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள புத்தகத்தில் அவர் பெயருக்கு நேரே ஓரத்தில் குறிக்கப்படும். பழைய சான்றிதழில் அந்த ஓரம் வெறுமையாக இருப்பதற்கு அர்த்தமில்லை. புதிதாக எடுத்ததில் வெறுமையாக இருந்தால்தான் நிம்மதி. இலங்கையில் மாத்தளைக் கச்சேரியின், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தின், பதிவுப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்து, தலைமை எழுத்தரான பிரதம லிகிதராக ஓய்வு பெற்றவன் நான். அரசாங்கம் வகுத்த விதிகளில்கூட இவ்வளவு புத்தியுள்ள ஒன்றை நான் கண்டதில்லை.

இப்போது இங்கிலாந்தில், லெஸ்டருக்கு அருகே ஒரு சிறிய ஊரில், ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்யும் மகள் ரோசலினுடன் இருக்கிறேன். இங்கே கடிதம் போடுவதற்குக் கதவிலேயே ஒரு பிளவு இருக்கிறது. தினமும் பதினொரு மணியளவில் அதன் தகர மூடி ஒருமுறை அடித்துக்கொள்ளும். பீட்ஸாக் கடை விளம்பரம் கால்மிதியில் விழும். நான்கு வருடமாகியும் தபால்காரரின் முகத்தை நான் பார்த்ததில்லை. ஊரில் தபால்காரர் மணியடித்து, கடிதம் யாரிடமிருந்து என்று அவரே சொல்லி, உள்ளே என்ன எழுதியிருக்கும் என்றும் ஊகித்துவிட்டுத்தான் நகர்வார். இந்தக் குளிர்காலம் முழுவதும் அந்தத் தகரச் சத்தத்துக்காக நடைவழியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு மார்கரெட், மகளுக்குக் கலியாணமாமே, சந்தோஷமா என்று கேட்டார். மாப்பிள்ளையின் சான்றிதழ் இன்னும் வரவில்லை என்றேன். வீசாவைச் சொல்கிறேன் என்று நினைத்து, எல்லாம் கிடைத்துவிடும் என்று என் தோளைத் தட்டினார். மறுநாள் தகரம் அடித்துக்கொண்டபோது விழுந்தது, இரண்டு வெள்ளிப் புறாக்கள் போட்ட அவருடைய வாழ்த்து அட்டை.

கலியாணப் பேச்சு போன ஓகஸ்டில் தொடங்கியது. நானும் ரோசலினும் ஊருக்குப் போய், பல்லேபொலவில் மாப்பிள்ளை வீட்டு முன்கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். மாப்பிள்ளை சேவியர், சைப்பிரசில் ஒன்பது வருடம் வேலை செய்துவிட்டுத் திரும்பியவர். அமைதியானவர். எதைக் கேட்டாலும் முதலில் தாயைப் பார்ப்பார், பிறகு பதில் சொல்வார். பேச்சை நடத்தியது அவருடைய தாய்மாமன் பெனடிக்ட். கலியாண ஹோல், கேக், பேண்ட் வாத்தியம், தோழிப் பெண்களுக்கு எந்த நிறம் என்று ஒரு கொப்பியில் வரிசையாக எழுதி வைத்திருந்தார். நான் ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டேன். உடனே உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். சேவியர் பள்ளிக்கூடத்தில் சேரும்போது எடுத்தது. பளபளவென்று லமினேட் செய்திருந்தது.

"இது ரொம்பப் பழசு. புதுசா ஒண்ணு எடுக்கணும்," என்றேன்.

"என்னங்க சம்பந்தி, லமினேட் பண்ணி வச்சிருக்கோம். தண்ணில போட்டாலும் ஒண்ணும் ஆகாது."

"நான் தண்ணிக்குப் பயந்து கேக்கல."

"கந்தோர்ல இருந்த ஆளுங்களுக்குப் பேப்பர் இல்லாட்டி சோறு எறங்காது போல," என்றார் பெனடிக்ட். எல்லோரும் சிரித்தார்கள். ரோசலினும் சிரித்தாள், என்னைப் பார்க்காமல்.

"நீங்க சிரமப்பட வேணாம் அங்கிள். நானே நேர்ல போய் எடுத்துட்டு வர்றேன்," என்றார் சேவியர்.

அவர் ஞானஸ்நானம் பெற்றது இலங்கையின் மேற்குக் கடற்கரையில், தகப்பன் அப்போது லொறி ஓட்டிய ஊரில். காலையில் போனவர் மாலையில் வெறுங்கையோடு வந்தார். அந்த வருடத்துப் புத்தகத்தைக் கரையான் தின்றுவிட்டதாம். நான் மேலே கேட்கவில்லை. கச்சேரியில் தேடச் சோம்பலான புத்தகங்களை நாங்களும் கரையானுக்குத்தான் கொடுத்தோம். ஆனால் கரையானே பார்க்காத புத்தகத்தைக் கரையான் தின்றதாகச் சொல்பவரின் முகம் எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். மாத்தளையில் அவர்களுடைய கோயிலோ லமினேட் செய்ததையே ஏற்றுக்கொண்டது. பெனடிக்ட் அங்கே பங்குச் சபையில் இருக்கிறார்.

இங்கே ஒருவரிடம் பத்திரம் கேட்டால் கோபிப்பதில்லை; வீட்டை வாடகைக்கு எடுக்கவே ஐந்து பத்திரம் கொடுத்தோம். ஊரில் கேட்டால் குடும்பத்தையே திருடர் என்று சொன்னதாகிவிடுகிறது. திரும்பி வரும் விமானத்தில் ரோசலின் கண்ணை மூடிக்கொண்டே பேசினாள்.

"போன தடவை அந்த டேவிட்கிட்ட டிகிரி சர்ட்டிபிகேட் கேட்டீங்க. அதோட அவங்க போனாங்க. எனக்கு முப்பத்தெட்டு வயசுப்பா. இந்தத் தடவ ஒண்ணும் கேக்காதீங்க."

"சரிம்மா," என்றேன்.

வீடு வந்த மறுநாளே அந்த மேற்குக் கடற்கரைக் கோயிலின் பங்குத் தந்தைக்கு எழுதினேன். ஐப்பசியில் ஒரு நினைவூட்டல், மார்கழியில் இன்னொன்று. மகளுக்குச் சொல்லவில்லை. ஓரம் வெறுமையாக இருந்தால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, வாய் திறக்காமல் கலியாணத்துக்குச் சட்டை தைக்கக் கொடுப்பதாக இருந்தேன்.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்பீர்கள். நான் இளம் லிகிதராக இருந்த காலத்தில், தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் கச்சேரிக்கு வந்தாள். கையிலிருந்த துண்டுக் காகிதத்தில் ஓர் ஆணின் பெயர் மட்டும் இருந்தது.

"சேர், இவருக்கு மொதல்லயே கலியாணம் ஆயிருச்சான்னு பாத்துச் சொல்லுவீங்களா?"

"படிவம் நெரப்பணும். பதிவு நடந்த தேதி எழுதணும்."

"தேதி தெரிஞ்சா நான் ஏன் சேர் இங்க வர்றேன்?"

விதிப்படி அவளுடைய விண்ணப்பம் பூரணமில்லை. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டேன். புத்தகம் எனக்குப் பின்னால், நான்கு அடி தூரத்து அலுமாரியில் இருந்தது. அடுத்த வருடம் வழக்குக்காக நீதிமன்றம் பிரதி கேட்டபோது, அந்தப் பக்கத்தை நானே திறந்தேன். அந்த ஆணின் முதல் கலியாணம் அதில் தெளிவான எழுத்தில் இருந்தது. இரண்டாவது மனைவி அந்தப் பெண்தான். அப்போது கையில் குழந்தை.

மாசியில் ரோசலின் மூன்று வார விடுமுறையில் தனியாக ஊருக்குப் போனாள். எனக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை நடந்திருந்ததால் பறக்கக் கூடாது என்றார்கள். முதலில் பதிவுத் திருமணம், அது முடிந்தால்தான் சேவியரின் வீசாவுக்கு விண்ணப்பிக்கலாம். கோயில் கலியாணம் ஈஸ்டருக்குப் பிறகு. ஹோலுக்கும் கேக்குக்கும் சொல்லியாகிவிட்டது. நான் இரண்டு முறை தொலைபேசியை எடுத்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்ல நினைத்தேன். பொறுக்க என்ன காரணம் என்று கேட்பாள். கையில் காகிதம் இல்லாமல் ஒன்றும் சொல்லிப் பழக்கமில்லை எனக்கு.

பதிவு நாளன்று காலை நான் எழுந்தபோது தொலைபேசியில் ஒரு படமும் அவள் குரலும் வந்திருந்தன. படத்தில் பதிவாளரின் மேசை, விரித்த புத்தகம், குனிந்து கையெழுத்திடும் ரோசலின். அந்தப் படிவத்தின் ஒவ்வொரு கட்டமும் எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கினேன். மணமகனின் கட்டத்தில் 'திருமணமாகாதவர்' என்று எழுதியிருந்தது.

"அப்பா, ரெஜிஸ்டர் நல்லபடியா முடிஞ்சிருச்சு. சேவியருக்குக் கை நடுங்குச்சு, எல்லாரும் கேலி பண்ணுனாங்க. ஒங்களோட வேல செஞ்ச ஒருத்தர் ஒங்கள ரொம்ப விசாரிச்சாரு. சாப்பிட்டீங்களா?"

அவள் குரலில் அப்படி ஒரு சிரிப்பை நான் பல வருடமாகக் கேட்டதில்லை. இரண்டாம் முறை கேட்டுக்கொண்டிருக்கும்போது தகரம் அடித்துக்கொண்டது.

இலங்கை முத்திரை. நீண்ட காலம் நோயுற்றிருந்ததால் தாமதம், மன்னிக்கவும் என்று பங்குத் தந்தை எழுதியிருந்தார். புத்தகம் நல்ல நிலையில் இருப்பதாகவும், இந்தப் பெயருக்காக இதற்கு முன் ஒருவரும் வந்து கேட்கவில்லை என்றும் இருந்தது. கூடவே பக்கத்தின் பிரதி. ஓரத்தில், சிறிய ஒழுங்கான எழுத்தில், சைப்பிரசில் உள்ள ஒரு கோயிலின் பெயர், ஒரு பெண்ணின் பெயர், ஏழு வருடத்துக்கு முந்திய ஒரு நாள். அந்த மணம் ரத்தானதாகக் கீழே எந்தக் குறிப்பும் இல்லை.

ஒரு கையில் மகளின் படமும் மறு கையில் அந்தக் காகிதமுமாக நடைவழியில் நின்றேன். வருகிற கடிதம் எதுவானாலும் முதலில் மேல் மூலையில் கிடைத்த தேதியைக் குறிப்பது என் கையின் பழக்கம். பேனாவை எடுத்தேன். ஊரில் அந்நேரம் நாலரை மணி, கந்தோர்களை மூடிப் பூட்டியிருப்பார்கள். இங்கே எல்லாம் இன்னும் திறந்திருந்தன. தேதி மட்டும் இரண்டு நாட்டிலும் ஒன்றாக இருந்தது: மார்ச் மூன்று, செவ்வாய்க்கிழமை.