சுண்ணாம்பு வாளியும் என் பேசும்பட நோட்டீஸ்களும்

பேசும்படம் வந்த நாளிலிருந்து, அட்டன் டவுன் கொட்டகையில் கொடுக்கிற பட நோட்டீஸ்களையெல்லாம் தேயிலைத் தோட்டத்தில் எனக்குக் கொடுத்திருக்கிற லயத்து வீட்டுச் சுவரில் ஒட்டிப் பாதுகாத்து வருகிறேன்.

இன்று தோட்டத்து மேற்பார்வையாளரான கண்டாக்கு ஐயா சுண்ணாம்பு வாளியோடு இரண்டு ஆட்களைக் கூட்டி வந்தார்.

“எல்லாத்தையும் கிழிச்சுட்டு வெள்ளையடிங்கடா!”

“ஐயா, எம் புள்ளைங்க பெருசானா பாக்கணுங்க,” என்று கும்பிட்டேன்.

அவர் ஒரு நோட்டீஸின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார்.

“இந்தப் படத்துக்கு நானும் போனேன்டா. ரயிலுக்கு நேரமாச்சுன்னு பாதியில எந்திரிச்சு வந்துட்டேன். கடைசியில அந்தப் பொண்ணு புருஷனோட சேந்துச்சா? நாளைக்குக் காலையில சொல்லு, செவுத்த விட்டுடறேன்.”

அவர் போனதும் என் மனைவி சிரித்தாள். “நீங்கதான் மொதப் பாட்டுலயே கொறட்ட விட்டீங்களே!”

அந்தப் படத்தை முழுசாகப் பார்த்த புண்ணியவான்கள் யாராவது இன்றைக்குள் சொல்லிவிடுங்கள். வாளியை என் வாசலிலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.