மெஷின் வாங்காத மில்காரர்

“ஏறிடுச்சு சார்!” என்று கத்திவிட்டுத்தான் மில்காரர் என் கோதுமையைத் தொட்டியில் கொட்டுவார். சில நாள் “இறங்கிடுச்சு சார்!” எதுவானாலும் கத்தல்தான். மாவு மில் இரைச்சலோடு மல்லுக்கட்டிப் பழகிய தொண்டை. ரகசியம் சொன்னாலும் தெருமுனை வரை கேட்கும்.

ஏறுவதும் இறங்குவதும் கோதுமை விலை அல்ல. எங்கோ கடல் கடந்து ஒரு கம்பெனி இருக்கிறது. கம்ப்யூட்டர் சிப் தயாரிக்கும் தொழிற்சாலைகளுக்கு அது மெஷின் செய்து விற்கிறது. நம்ம மில்காரர் தன் சேமிப்பையெல்லாம் அதன் பங்குகளில் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். தெருவில் அவருக்கு ‘சிப் அண்ணன்’ என்றே பெயராகிவிட்டது.

புருவம், காதுமடல், மூக்கு நுனி எல்லாம் மாவு அப்பியிருக்க, தூசியே இல்லாத அந்தத் தொழிற்சாலைகளைப் பற்றி அவர் சொல்லிக் கேட்க வேண்டும். “ஒரு தூசி விழுந்தா மொத்தமும் போச்சு சார். உள்ள போறவனுக்குக் கண்ணு மட்டும்தான் வெளிய தெரியும்.” சொல்லிக்கொண்டே தும்முவார். என் சட்டையும் வெளுக்கும்.

ஏன் சிப் கம்பெனியில் போடாமல் மெஷின் கம்பெனியில் போட்டார்? தெரியாத்தனமாக ஒருநாள் கேட்டுவிட்டேன். மில்லை ஓடவிட்டு வெளியே வந்துவிட்டார். “சிப் செய்யறவங்க ஆளாளுக்கு அடிச்சுக்குவாங்க சார். எவன் ஜெயிச்சா நமக்கென்ன? எல்லாருக்கும் மெஷின் வேணும்ல? அப்பப்ப புதுசு வாங்கியே தீரணும். பழச வெச்சு ஓட்டினா, பக்கத்துல இருக்கறவன் வாடிக்கையெல்லாம் அள்ளிட்டுப் போயிடுவான்!”

அவருக்குப் பின்னால் இருமிக்கொண்டிருந்த மெஷின் அவருடைய மாமனார் வாங்கியது. அதன் பெல்ட்டில் அசல் எவ்வளவு, தையல் எவ்வளவு என்று சொல்வது கடினம். அடுத்த தெருவில் புது மில் வந்த பிறகு, இங்கே வருவது நானும் இன்னும் இரண்டு மூன்று பேரும்தான்.

தராசுக்குப் பக்கத்தில் அவர் மனைவி. “அந்த ஷேர வித்துட்டு ஒரு மெஷின் வாங்குங்கன்னு தலைப்பாடா அடிச்சுக்கறேன் சார். ஏறினா, ‘ஏறும்போது எவனாவது விப்பானா’ங்கறாரு. இறங்கினா, ‘இறங்கும்போது எவனாவது விப்பானா’ங்கறாரு. இன்னொரு தடவ இது நின்னுச்சுன்னா மில்லப் பூட்டிடுவேன்.” அந்தம்மாவின் அப்பா விட்டுப்போன மில். பூட்டுவேன் என்று சொல்லிவிட்டு, துணியை எடுத்துத் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். எனக்கும் கஷ்டமாக இருக்கும்.

போன வாரம் மாவு மெஷின் விற்கிறவர் ஒருவர் வந்து பளபளக்கும் படங்களை விரித்தார். சிப் அண்ணன் படத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

“உங்க கம்பெனி ஷேர் மார்க்கெட்ல இருக்கா?”

இல்லையாம்.

“அப்புறம் என்னத்துக்குய்யா மெஷின் செய்றீங்க?” என்று அனுப்பிவிட்டார்.

நேற்று நான் போனபோது ஆள் பேயறைந்த மாதிரி நின்றார். பெரிய சிப் தொழிற்சாலை ஒன்று, இருக்கிற மெஷினே போதும், புதிதாக எதுவும் வாங்கப் போவதில்லை என்று அறிவித்துவிட்டதாம். பங்கு மளமளவென்று சரிகிறது.

“கஞ்சப்பய சார்! பழைய மெஷினக் கட்டிக்கிட்டு அழறான்! ஊரே புதுசு வாங்குது, இவனுக்கு மட்டும் என்ன கேடு?”

பட்டென்று பெல்ட் அறுந்தது. மில் நின்றது. நின்றதைக் கவனிக்காமல் அவர் போட்ட அடுத்த கத்தல் தெரு முழுக்கக் கேட்டது.

“வீட்ல எடுத்துச் சொல்ல ஆளே இல்லையா அவனுக்கு?”

“இருப்பா,” என்றார் மனைவி. “அவளும் தலைப்பாடா அடிச்சுக்கிட்டுத்தான் இருப்பா.”

சிப் அண்ணன் குனிந்து பெல்ட்டை எடுத்தார். ஊசிக்கும் நூலுக்கும் வழக்கம்போலக் கையை நீட்டினார். அந்தம்மா போனில் பங்குக் கணக்கைத் திறந்து அந்தக் கையில் வைத்தார். சிப் அண்ணன் விற்கிற இடத்தில் விரலை அழுத்தினார். விரல் முழுக்க மாவு, போன் மசியவில்லை. சட்டையில் துடைத்தார். அதில் இன்னும் மாவு. பிறகு தராசுத் துணியோடு நின்ற மனைவியிடம் அந்த விரலை நீட்டினார்.