சுவரில் ஒட்டிய பதினான்கு விதிகள்

வெர்லின் டோப்ஸ் மார்லோ ஃபோர்க்குக்கு வந்து சேர்ந்தபோது ஹெரன்ஸ் பேஸ்பால் அணி தொடர்ந்து பதினொரு ஆட்டம் தோற்றிருந்தது. பதினொரு ஆட்டத்திலும் சேர்த்து எடுத்த ரன் ஒன்பது. ஊர்க்காரர்கள் கோபப்படுவதைக்கூட விட்டுவிட்டார்கள். சட்டையில் கொக்குப் படம் போட்ட அணி என்பதால், "ஒத்தைக் கால்ல நிக்குது, மீன் மட்டும் வரல" என்று சொல்லிக்கொண்டு கடலை உரித்துத் தின்றுவிட்டு எழுந்து போனார்கள்.

1984 ஜூலை. வெர்லினுக்கு ஐம்பத்தெட்டு வயது. பெருநகரத்துப் பெரிய அணி ஒன்றுக்கு ஆறு சின்ன ஊர்களில் ஆறு இளைய அணிகள் இருந்தன. எந்த அணியின் பேட்டிங் படுத்துவிட்டதோ அங்கே போய்ப் பத்து நாள் தங்கி, பையன்களின் அடியைச் சரிசெய்துவிட்டு அடுத்த ஊருக்குப் போக வேண்டும். ஒன்பது வருஷமாக இதுதான் அவர் பிழைப்பு. காரின் பின்சீட்டில் இஸ்திரிப்பெட்டி, வலிக்குத் தேய்க்கும் தைலம், நோட்டுப் புத்தகங்கள் நிறைந்த ஒரு ஆப்பிள் பெட்டி. மோட்டலில் சாவி வாங்கும்போது எந்த ஊர் என்று ஒரு கணம் யோசிக்க வேண்டியிருந்தது. நெப்ராஸ்காவில் இருந்த மனைவி ஐலீனிடம் போனில் அதைச் சொன்னார்.

"சாவியில ஊர் பேர் போட்டிருக்குமே, பாத்துக்கோங்க" என்றாள் அவள்.

மைதானத்தில் அணியின் மேலாளர் ரட்லெட்ஜ் அவருக்காகக் காத்திருந்தார். பருமனான ஆள், நல்ல மனசு. தோல்வி அவரைத் தூங்கவிடாமல் அடித்திருந்தது.

"வாய்யா வெர்லின். எல்லாம் உன் வழிப்படிதான் நடக்குது இங்க. வந்து பாரு."

உடை மாற்றும் அறைச் சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'அடிப்பதற்குப் பதினான்கு விதிகள்'. முழங்கை உயரட்டும். எடை பின்காலில் இருக்கட்டும். முன்தோள் மூடியிருக்கட்டும். அப்படியே பதினான்கு வரை. ஆறு வருஷத்துக்கு முன் ஒரு பனிக்காலத்தில், பெரிய அணியின் தலைமை அலுவலகம் கேட்டதற்காக வெர்லின் தன் வீட்டுச் சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதியது. ஐலீன் தட்டச்சு செய்தாள். அதைப் பெரிதாக்கி நகலெடுத்து, பேட்டிங் வலைக்கூண்டில் ஒன்று, பெஞ்சுக்கு மேலே ஒன்று, கழிப்பறையில் நின்றுகொண்டே படிக்கிற மாதிரி ஒன்று என்று ரட்லெட்ஜ் ஒட்டிவைத்திருந்தார்.

"தினமும் ஆட்டத்துக்கு முன்னாடி சத்தமா சொல்லச் சொல்றேன். ஒருத்தனுக்கும் மறக்காது."

வெர்லினுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. பொய் சொல்வானேன்.

முதல் இரண்டு நாள் அவர் வழக்கமாகச் செய்வதையே செய்தார். வலைக்கூண்டுக்குப் பின்னால் நின்று ஒவ்வொருவனையும் பார்த்தார். எல்லார் முழங்கையும் உயர்ந்திருந்தது. எல்லார் எடையும் பின்காலில் இருந்தது. ஒன்பது பேரும் ஒரே அச்சில் வார்த்த பொம்மை மாதிரி நின்றார்கள். பந்து வந்தால் மட்டும் அரைக் கணம் பிந்தி பேட்டைச் சுழற்றினார்கள். குறை என்று எழுத நோட்டைத் திறந்தவருக்கு எழுத ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் அணி தோற்றது.

மூன்றாம் நாள் மத்தியானம் எலிகியோவைக் கூப்பிட்டார். டொமினிக்கன் நாட்டுப் பையன், இருபத்தொரு வயது, குறுங்கை, காற்று மாதிரி ஓடுவான். இங்கிலீஷ் அவ்வளவாக வராது. அடிப்பவனுக்குப் பின்னால் நின்று பந்தைப் பிடிக்கும் கேட்சர் பென்யமினின் பெற்றோர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ்தான் என்பதால் அவன் இடையில் நின்று சொன்னான். பந்து வரும்போது என்ன நினைக்கிறாய் என்று வெர்லின் கேட்டார்.

எலிகியோ தயங்கித் தயங்கி நீளமாக ஏதோ சொன்னான். பென்யமினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னப்பா சொல்றான்?"

"அந்தப் பதினாலையும் வரிசையா மனசுல சொல்லிப் பாக்குறானாம், கோச். அஞ்சாவது வரைக்கும் வர்றதுக்குள்ள பந்து கேட்சர் கையில இருக்குதாம். அஞ்சுக்கு மேல போறதுக்கு ஏதாவது வழி இருக்கான்னு கேக்குறான்."

எலிகியோ சிரிக்கவில்லை. உண்மையாகவே வழி கேட்டுக்கொண்டு நின்றான்.

வெர்லின் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். அங்கே டென்னி கோவாக் பேட்டின் பிடிக்கு நாடா சுற்றிக்கொண்டிருந்தான். முப்பது வயது, அணியில் மூத்தவன், முதல் பேஸ் என்ற முனையைக் காப்பவன். இரண்டு குழந்தைகள். ஒன்பது வருஷமாகச் சின்ன ஊர்களிலேயே ஆடி, பெரிய அணியை டிவியில் மட்டும் பார்த்தவன். வெர்லின் வந்த நாளிலிருந்து அவரிடம் வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"நீ என்ன நினைக்குற டென்னி? இவனுங்களுக்கு என்னதான் கோளாறு?"

"எங்கிட்டயா கேக்குறீங்க?"

"உன்கிட்டதான்."

கோவாக் நாடாவைப் பல்லால் கடித்து அறுத்தான். "எழுபத்தெட்டுல நான் நூறு தடவை நின்னா முப்பத்தோரு தடவை அடிச்சிட்டிருந்தேன். ஆகஸ்ட்ல நீங்க வந்தீங்க. முழங்கை தாழ்ந்திருக்கு, ஏத்துன்னீங்க. ஏத்தினேன். இன்னைக்கு வரைக்கும் ஏத்தியேதான் வச்சிருக்கேன். அதுக்கப்புறம் ஒரு வருஷம்கூட இருபத்தஞ்சைத் தாண்டல."

அவன் குரலில் கோபம் இல்லை. ரொம்ப நாளாக வைத்திருந்து சூடு ஆறிப்போன பேச்சு அது.

"எனக்கு ஞாபகம் இல்ல டென்னி" என்றார் வெர்லின்.

"இருக்காது கோச். நீங்க எத்தனை பேரைப் பாத்திருப்பீங்க."

மோட்டலுக்குப் போய் ஆப்பிள் பெட்டியைக் கவிழ்த்தார். எழுபத்தெட்டாம் வருஷத்து நோட்டு அடியில் கிடந்தது. ஆகஸ்ட் பக்கத்தில் அவர் கையெழுத்திலேயே இருந்தது: 'கோவாக். நன்றாக அடிக்கிறான். முழங்கை தாழ்வு. சரிசெய்தேன்.' நன்றாக அடிக்கிறான் என்று எழுதிய கைதான் அடுத்த வரியையும் எழுதியிருந்தது. ஏன் என்று எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை. அன்றைக்குச் சரிசெய்ய வேறு எவனும் கிடைக்கவில்லையோ என்னவோ. கட்டில் விளிம்பில் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். இடுப்பு மரத்துப்போனபின்தான் எழுந்தார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மைதானத்துக்குப் போய்த் தாள்களைக் கிழிக்க ஆரம்பித்தார். கழிப்பறைத் தாள் பசையோடு சுவர்ப் பூச்சையும் பிய்த்துக்கொண்டு வந்தது. சத்தம் கேட்டு ரட்லெட்ஜ் ஓடிவந்தார்.

"உனக்கு என்னய்யா ஆச்சு? தலைமை அலுவலகத்து உத்தரவு அது."

"எழுதினவன் நான்தான."

"எழுதினா? நாளைக்கு அவங்க கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"வெர்லினுக்குப் புத்தி பிசகிடுச்சுன்னு சொல்லு. அது சுலபமா எடுபடும்."

அன்று மத்தியானப் பயிற்சியில் யாரும் பேட்டைச் சுழற்றக் கூடாது என்றார். தானே பந்தை எடுத்துக்கொண்டு, பிட்சர் நின்று பந்து எறியும் மேட்டில் ஏறி நின்றார். தோள்மூட்டு கரகரத்தது. ஒவ்வொருவனும் பேட்டோடு நின்று, வருகிற பந்து அடிக்க வேண்டிய எல்லைக்குள் வந்ததா, வெளியே போனதா என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"பெருசு நம்மளை வச்சு விளையாடுது" என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழுந்தது.

"ஆமாண்டா, விளையாட்டுக்குத்தான் சம்பளம் குடுக்குறாங்க. உள்ளேயா வெளியேயா?"

"வெளியே."

"உள்ளே வந்ததுடா அது. உத்துப் பாரு."

முதல் நாள் பாதிப் பந்துகளைத் தப்பாகச் சொன்னார்கள். எத்தனை மாதமாகப் பந்தைப் பார்க்காமலே நின்றிருக்கிறார்கள் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரிந்தது. முழங்கையையும் தோளையும் கவனித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பந்தைப் பார்க்கக் கண் மிச்சமில்லை. மூன்றாம் நாள் பத்தில் ஒன்பது சரியாக வந்தது. அதன் பிறகு அடிக்கச் சொன்னார்.

"பதினஞ்சு வயசுல எப்படி நின்னீங்களோ அப்படி நில்லுங்க. வேற ஒண்ணும் சொல்ல மாட்டேன். கேட்டாலும் சொல்ல மாட்டேன்."

எலிகியோவின் முறை வந்தது. இரண்டு பாதத்தையும் ஒட்டிவைத்து, பிட்சரை நேருக்கு நேராகப் பார்த்து, பேட்டை நாய் வாலாட்டுவது மாதிரி ஆட்டிக்கொண்டு நின்றான். பதினான்கில் பதிமூன்றை மீறிய நிலை. வெர்லினின் கைகள் துறுதுறுத்தன. இரண்டையும் பேன்ட் பைக்குள் திணித்துக்கொண்டார். எலிகியோ அடித்த முதல் பந்து மூன்றாம் பேஸ்காரன் தலைக்கு மேலே விசில் அடித்துக்கொண்டு போயிற்று.

உடனே எதுவும் மாறிவிடவில்லை. அன்று ஒன்றுக்கு இரண்டு என்று தோற்றார்கள். மறுநாளும் தோல்வி. "கொக்கு இப்பக் கண்ணையும் மூடிக்கிச்சு" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர் கத்தினார். ரட்லெட்ஜ் வெர்லினிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமைப் பகல் ஆட்டம். கொளுத்துகிற வெயில். இரண்டாவது சுற்றில் நான்கு பேர் அடிக்கவே இல்லை. எல்லைக்கு வெளியே போன பந்தையெல்லாம் விட்டுவிட்டு, அப்படி நான்கு வந்தால் ஓடாமலே கிடைக்கும் முதல் பேஸுக்கு நடந்தே போனார்கள். எதிரணி பிட்சர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு நடுவில் ஒரு பந்தைப் போட்டான். பென்யமின் அதை வேலிக்கு வெளியே அனுப்பினான். அன்றைக்கு ஒன்பது ரன். பதினொரு ஆட்டத்து ரன்னை ஒரே பகலில் எடுத்துவிட்ட அதிர்ச்சியில் பையன்கள் கத்தக்கூட மறந்துபோய்ப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

கோவாக்குக்கு மட்டும் வரவில்லை. முழங்கையைத் தாழ்த்தி நின்று பார்த்தான். இரண்டு பந்து அப்படி நிற்பான், மூன்றாவதில் அவனை அறியாமல் முழங்கை மேலே போய்விடும். ஆறு வருஷத்துப் பழக்கம். மற்றவர்கள் போனபிறகும் வெர்லின் அவனுக்குப் பந்து எறிந்துகொண்டிருந்தார். பத்தாம் நாள் சாயங்காலம் கோவாக்கே பேட்டைக் கீழே வைத்தான்.

"போதும் கோச். உங்க தோள்தான் போயிடும்."

"தப்பு என்னுது டென்னி. நல்லா இருந்ததுல கை வச்சேன்."

கோவாக் கையுறையைக் கழற்றினான். "நானும்தான் கேட்டுக்கிட்டேன். முடியாதுன்னு சொல்லியிருக்கலாம். இருபத்துநாலு வயசு. உங்க மாதிரி ஒருத்தர் வந்து சொல்றார்னா வேதம்னு நினைச்சேன்." பிறகு, "அந்தத் தாளைக் கிழிச்சதுக்கு நன்றி. கழிப்பறையிலயாவது நிம்மதியா இருக்கலாம்" என்றான்.

வெர்லின் அடுத்த ஊருக்குக் கிளம்பினார். அந்த வருஷம் ஹெரன்ஸ் தன் வட்டாரப் போட்டியின் எட்டு அணிகளில் ஐந்தாவதாக வந்தது. கடைசியில் கிடந்த அணிக்கு அது பெரிய விஷயம். செப்டம்பரில் கோவாக் ஆட்டத்தை விட்டுவிட்டு, ஒஹையோவில் மைத்துனனோடு கூரை வேய்கிற வேலைக்குப் போய்விட்டதாகச் செய்தி வந்தது.

டிசம்பரில் தலைமை அலுவலகம் கூப்பிட்டது. மார்லோ ஃபோர்க்கில் நடந்தது அவர்களுக்குப் பிடித்திருந்தது. புதிய முறையை விதிகளாக எழுதித் தரச் சொன்னார்கள். ஆறு அணிக்கும் அனுப்பலாம் என்றார்கள்.

"விதி ஒண்ணும் இல்லீங்க. பந்தைப் பாக்கணும். ஒவ்வொருத்தனையும் அவனவன் போக்குல விடணும். பழைய தாளையும் வாபஸ் வாங்கிடுங்க" என்றார் வெர்லின்.

மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் இளைஞர், மரியாதை தெரிந்தவர். "அவனவன் போக்குல விடுறதுக்குப் பயிற்சியாளர் எதுக்கு மிஸ்டர் டோப்ஸ்?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கெடுக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும் என்று சொல்லியிருக்கலாம் என்பது திரும்பி வரும் வழியில், காரில்தான் வெர்லினுக்குத் தோன்றியது. ஜனவரியில் கடிதம் வந்தது. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை.

நெப்ராஸ்காவில் அவர் பள்ளிப் பேருந்து ஓட்டப் போனார். இரண்டு வருஷம் கழித்து ஒரு வசந்தகாலத்தில் எலிகியோ பெரிய அணியில் ஆடுவதை டிவியில் காட்டினார்கள். பாதத்தை ஒட்டிவைத்து, பேட்டை ஆட்டிக்கொண்டுதான் நின்றான். இந்த விநோதமான நிலையை யார் கற்றுக்கொடுத்தார்களோ என்று வர்ணனையாளர் வியந்தார். அவனைப் பட்டை தீட்டியவர் ரட்லெட்ஜ் என்று இன்னொருவர் சொன்னார்.

ஐலீனுக்குப் பொறுக்கவில்லை. "அவரா? தாளை ஒட்டிவச்ச ஆளு. நீங்க ஒரு கடுதாசி எழுதிப் போடுங்க, சொல்றேன்."

"எழுதி? யாரும் கத்துக்குடுக்கல ஐலீன். அவன் நிலை அது. நாங்கதான் கொஞ்ச நாள் பிடுங்கி வச்சிருந்தோம்."

அவள் ஏதோ சொல்லிக்கொண்டே அடுப்பங்கரைக்குப் போனாள். அவர் டிவியின் ஒலியைக் குறைத்துவிட்டு மீதி ஆட்டத்தைப் பார்த்தார். கூரை வேலை இந்த மாதத்தில் ஆரம்பித்திருக்குமா, ஒஹையோவில் பனி வடிந்திருக்குமா என்று யோசித்தார். போன வருஷம் கோவாக்குக்கு ஒரு கடிதம் போட்டிருந்தார். பதில் வரவில்லை. வர வேண்டும் என்று அவரும் எதிர்பார்க்கவில்லை.