ஸ்டிக்கர் ஒட்டிய பொதுத் தட்டு

அலுமாரியை ஒதுக்கும்போது பழைய கணினித் தட்டு ஒன்று அகப்பட்டது. பிளொப்பி என்போமே, அதுதான். பூஞ்சணம் பிடித்திருந்தது. அந்த வாசனை மூக்கில் ஏறியதும், எண்பதுகளின் கடைசியில் பதுளையில் தேயிலைத் தோட்டங்களின் தலைமை அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், நான் அடைந்து கிடந்த அறை கண்முன் வந்தது. ஜன்னல் இருந்தது, திறக்க விடமாட்டார்கள். மெஷினுக்குத் தூசி ஆகாதாம். மனுசனுக்குக் காற்று வேண்டாமா என்று யாரும் கேட்கவில்லை.

தோட்டத்துக் கொழுந்தின் நிறையைக் கணக்குப் பார்க்க ஒரு புரோகிராம் எழுதியிருந்தேன். அப்புத்தளை, ஹாலிஎல, வெலிமடை என்று மூன்று கந்தோர்களிலும் ஆளுக்கொரு பிரதி. என் பெருமை ரொம்ப நாள் நிற்கவில்லை. அப்புத்தளையில் பனிமூட்டம், கொழுந்து ஈரமாக வரும்; அந்த ஈரத்துக்கு நிறையில் கழிப்பார்கள். ஹாலிஎலயில் வெயில், அங்கே அவ்வளவு கழித்தால் கொழுந்தெடுக்கும் பெண்கள் கங்காணியின் சட்டையைப் பிடிப்பார்கள். ஆகவே கிளாக்கர்மார் ஒவ்வொருவரும் புரோகிராமுக்குள்ளேயே கைவைத்து, தங்கள் ஊருக்குத் தோதாக மாற்றிக்கொண்டார்கள். நான் ஒரு பிழையைத் திருத்திப் புதுத் தட்டை பஸ்ஸில் அனுப்பினால் அவர்கள் மாற்றியதெல்லாம் அழிந்துபோகும். உடனே டெலிபோன் அடிக்கும்.

"என்னங்க, மறுபடியும் கெடுத்துட்டீங்களே," என்பார் ஹாலிஎல கிளாக்கர். "நம்ம பக்கம் ஏதுங்க பனி?"

மூன்று பிரதிகளையும் வரவழைத்து, தாளில் அச்சடித்து, வரி வரியாக ஒப்பிட்டு ஒன்றாக்குவேன். முடிவதற்குள் அடுத்த திருத்தம் வந்துவிடும். என் மனைவி ஹட்டனில் ஆசிரியை. அப்போது மாசமாக இருந்தாள். அங்கே இடமாற்றம் கேட்டு, எனக்கு மேலதிகாரியான கணக்காளர் முன்னால் நின்றேன். யாழ்ப்பாணத்துக்காரர், தங்கமான மனிதர். அதுதான் தொல்லை, கோபிக்கவும் முடியாது.

"உம்மட கை படாமல் இது ஓடட்டும் தம்பி. அண்டைக்கே உம்மை ஹட்டனுக்கு விடுறன்."

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு மாடாக உழைத்தேன். எல்லாருக்கும் பொதுவானதை ஒரு தட்டில் போட்டேன். ஊருக்கு ஊர் மாறும் ஈரக் கழிவை இன்னொன்றில் பிரித்து வைத்தேன். தட்டின் ஓரத்தில் சின்ன வெட்டு ஒன்று இருக்கும். அதை ஸ்டிக்கரால் மூடிவிட்டால் மெஷின் அதில் எழுதாது. பொதுத் தட்டை அப்படி மூடி அனுப்பினேன். கழிவுத் தட்டு அவரவர் பாடு. ஹாலிஎலக்காரர் மட்டும் ஸ்டிக்கரை உரித்துப் பார்த்தாராம். மாற்ற ஒன்றும் இல்லையென்று கண்டு தானே திரும்ப ஒட்டிவிட்டார். டெலிபோன் ஓய்ந்தது.

அதற்குள் மகள் பிறந்திருந்தாள். மறுபடியும் கணக்காளரிடம் போனேன்.

"இவ்வளவு லேசாக்கிப்போட்டீரே," என்று மனதார மகிழ்ந்தார். "இப்ப பசறை, லுணுகலைப் பக்கமும் கேக்கினம். உம்மை எப்பிடி விடுறது?"

ஓடிவிடலாமா என்றுகூட நினைத்தேன். ரயில் நிலையம் கூப்பிடு தூரம்தான். வேலை போய்விடும் என்ற பயம் காலைக் கட்டியது. எப்போதாவது ஒரு ஞாயிறு ஹட்டன் போய்வருவேன், அவ்வளவுதான்.

அந்தப் பதுளைக் கந்தோர் இன்று புடவைக் கடை. புரோகிராம் செத்து வெகுகாலமாகிறது. அவற்றுக்காக நான் வருந்தவில்லை. என் மகள் யார் யாருடைய விரலையோ பிடித்து நடக்கப் பழகிய நாட்களும் அவற்றோடு போய்விட்டன. அதை நினைத்தால்தான் இன்றும் வயிறு எரிகிறது.