எரியக்கூடாத விளக்குகள்

வண்டி மின்வேலைக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எரியாத விளக்கை எரியவைக்க வருகிறார்கள். மீதிப்பேர் எரியக்கூடாத விளக்கை எரியவைக்க வருகிறார்கள். முதல் வகையால் எனக்குச் சோறு, இரண்டாம் வகையால் ரத்தக்கொதிப்பு. டெஸ்டர் பிடித்த கை உள்ள எவருக்கும் இதை நான் விளக்க வேண்டியதில்லை. உங்கள் கடைக்கும் இதே ஆட்கள்தான் வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

என் கடை திண்டுக்கல்லில், பழனி ரோட்டில் இருக்கிறது. யாரிடமும் நான் வேலை பழகவில்லை. பழைய லாரி ஒன்றின் ஒயரிங்கைப் பிரித்துப் போட்டுவிட்டு, திரும்பச் சேர்க்கத் தெரியாமல் திண்டாடிய நாட்களில் தானாக வந்த தொழில். வீட்டுக்காரி போய்ச் சேர்ந்த பிறகு, காலையில் எழுந்து சட்டை மாட்டுவதற்கு இந்தக் கடை ஒன்றுதான் காரணம். அதற்கும் ஒருநாள் ஆபத்து வந்தது.

சீரகச் சம்பா

ஒருவர் வெள்ளை வேன் கொண்டுவந்தார். கூரையில் சிவப்பும் நீலமும் கலந்த பட்டை விளக்கு. "மின்ன மாட்டேங்குது, என்னன்னு பாருங்க" என்றார். வேனின் பக்கவாட்டில் சிலுவைக் குறி மங்கலாகத் தெரிந்தது. ஆம்புலன்ஸ்தான் என்று நானே முடிவு கட்டிக்கொண்டு, ஒன்றும் கேட்காமல் சரிசெய்து அனுப்பிவிட்டேன். கேட்டிருக்க வேண்டும். அது ஏலத்தில் எடுத்த பழைய ஆம்புலன்ஸ். எடுத்தவர் கல்யாணங்களுக்குச் சமைத்துக் கொடுப்பவர்.

மோட்டார் வாகன ஆய்வாளரை எங்கள் தொழிலில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்போம். அவர் ஒரு முகூர்த்த நாளில் ஜீப்பில் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் விளக்கு மின்னியிருக்கிறது. மனிதர் பதறி, ஜீப்பை முள்ளுச்செடிக்குள் இறக்கி வழிவிட்டிருக்கிறார். வேன் தாண்டிப் போனதும் நெய் வாசனை வந்திருக்கிறது. சந்தேகப்பட்டுப் பின்னாலேயே போனவர், கல்யாண மண்டபத்து வாசலில் நாலு அண்டா இறங்குவதைப் பார்த்திருக்கிறார்.

விளக்கு மாட்டியது யார் என்று விசாரித்து, மறுநாள் என் கடை முன்னால் நின்றார். குரலை உயர்த்தவே இல்லை. "நோயாளி போறார்னு நெனச்சு சாமி வேற கும்பிட்டேன்யா. உள்ள பாத்தா சீரகச் சம்பா! முத தடவைன்னு விடுறேன். ஒன் கடையில மாட்டுன விளக்க இன்னொரு தப்பான வண்டியில பாத்தேன், கடையச் சாத்திருவேன். திண்டுக்கல்லுல பூட்டுக்கா பஞ்சம்?"

வாடிப்போகும் சரக்கு

பயம் வந்தால் படிப்பும் வரும். விதிகளைக் கணினிக் கடையில் அச்செடுத்து, அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாலு தடவை படித்தேன். கூரையில் சிவப்பும் நீலமும் மின்னுவது ஆம்புலன்ஸ், தீயணைப்பு, போலீஸ் போன்ற அவசர வண்டிகளுக்கு. மஞ்சள், மெதுவாகப் போய் ரோட்டை அடைத்துக்கொண்டு வேலை பார்க்கிற வண்டிகளுக்கு. சிவப்பு விளக்கு முன்னால் எரியக்கூடாது, பின்னால் எரியாமல் இருக்கக்கூடாது. மற்றவர்களுக்கு ஒன்றும் கிடையாது. இதைப் பெரிய எழுத்தில் பலகையில் எழுதிக் கடை முன்னால் மாட்டினேன்.

நிலக்கோட்டைப் பக்கமிருந்து மல்லிகைப்பூ ஏற்றி வருகிற வேன்காரர்தான் அதை முதலில் முழுசாகப் படித்தவர். இரண்டு தடவை படித்தார். பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஒம்பது மணிக்கு மார்க்கெட்டுக்குள்ள போகலைன்னா என் சரக்கு செத்துப்போகும்ணே. இம்புட்டுப் பெரிய போர்டுல பூவுக்குன்னு ஒரு வரி இல்லையே, இது என்ன சட்டம்?"

முகூர்த்தச் சேலை

குஜிலியம்பாறையிலிருந்து ஒரு விவசாயி டிராக்டரில் வந்தார். டிரெய்லர் நிறைய மாட்டுக்குச் சோளத்தட்டை, டிராக்டரின் மட்கார்டில் அவர் மனைவி. முன்பக்கம் ஏழு விளக்கு எரிந்தது. அது போதாமல், கல்யாண வீட்டில் தொங்குகிற வண்ண பல்புச் சரமும் பாட்டுப் பெட்டியும். எட்டாவதாக ஒன்று மாட்டச் சொன்னார். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். டிரெய்லரில் விளக்கு இருக்க வேண்டிய இரண்டு ஓட்டையிலும் குளவி கூடு கட்டியிருந்தது. தட்டைக் கட்டின் நுனியில் மட்டும் சிவப்பாக ஒரு துணி தொங்கியது.

"பின்னால விளக்கு வேணாமா?" என்றேன். "பின்னால நானா பாக்கப்போறேன்? வர்றவன் பாத்து வரட்டும் அப்பு. அதான் செவப்பு கட்டியிருக்கேன்ல" என்றார். பகலில் துணி சரி, இருட்டினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்கும்போதே, கால் மரத்துப்போய்க் கீழே இறங்கிய அந்த அம்மாள் பின்பக்கம் வந்துவிட்டார். துணியைத் தொட்டுப் பார்த்தார், ஓரத்துச் சரிகையைப் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணே, இந்தாளு சொல்றதக் கேக்காதீங்க. பின்னாடி ரெண்டு லைட்ட மாட்டுங்க. மாட்டிட்டு என் முகூர்த்தச் சேலைய அவுத்து எங்கிட்டக் குடுங்க, செத்த நேரம் இந்த மனுசன்கிட்டத் தனியாப் பேசணும்."

மாப்பிள்ளை வீட்டார் திரும்பிய கதை

சட்டப்படி மாட்டினாலும் தப்பு வரும் என்பதைத் தொப்பம்பட்டிக்காரர் ஒருவர் கற்றுக்கொடுத்தார். சொந்தமாகக் கதிர் அறுக்கிற மெஷின் வைத்திருப்பவர். ரோட்டின் முக்கால்வாசியை அடைத்துக்கொண்டு ஊர்கிற வண்டி அது. மஞ்சள் சுழல் விளக்கை நான்தான் மாட்டி அனுப்பினேன். ஒரு வாரம் கழித்து முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்தார். "ஏனுங்க, இத கழட்டிப்போடுங்க" என்றார்.

நடந்தது இது. அவர் மகளைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து இரண்டு கார் கிளம்பியிருக்கிறது. மெஷின் டயர் பஞ்சராகி ஊர் நுழைவில் நின்றிருக்கிறது. நான் சொல்லிக்கொடுத்தபடியே டிரைவர் மஞ்சள் விளக்கைச் சுழலவிட்டிருக்கிறார். காரில் வந்தவர்கள் ரோடு வேலை நடக்கிறது, பாதை கிடையாது என்று நினைத்து, கேட்கக்கூட இறங்காமல் திரும்பிவிட்டார்கள். முதல் பயணமே தடைப்பட்டதே என்று பையனின் அப்பாவுக்கு மனசில் உறுத்தல் வேறு. "லைட்டு மேல தப்பில்லீங்க. ஆனா மாட்டுனது நீங்கதானுங்களே. நீங்களே ஒரு வார்த்த சொல்லிப்போடுங்க" என்று போனை என் கையில் கொடுத்துவிட்டார்.

அதிகம் பேசாதவன் நான். முன்பின் தெரியாத சம்பந்தியிடம், சிவப்பென்றால் நில், மஞ்சளென்றால் கவனித்து மெதுவாகப் போ, அது தடை ஆகாது என்று படித்து வைத்ததையெல்லாம் ஒப்பித்தேன். மறுமுனையிலிருந்து பதில் வந்தது. "மெதுவா வரச்சொல்லுது, வர வேண்டாங்கல. அப்படித்தானுங்களே? சரிங்க, வர்ற வெள்ளிக்கிழமை மெதுவா வர்றோம்னு சொல்லிருங்க."

தள்ளுகிற வேலை

ஆரோக்கியம் என்பவர் தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிறவர். நிஜமான ஆம்புலன்ஸ், இப்போதெல்லாம் நான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஸ்குரூடிரைவரை எடுக்கிறேன். ஒரு மத்தியானம் கடை வாசலில் வண்டியைப் போட்டு, "அண்ணே, கூரை லைட்டு செத்துப்போச்சு" என்று கத்தினார். உள்ளே பிரசவ வலியில் ஒரு பெண், பக்கத்தில் மாமியார். ஒயர் அறுந்திருந்தது. நான் அதைச் சேர்த்துச் சுற்ற இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிஷமும் மாமியாரின் தலை ஜன்னலுக்கு வெளியேதான் இருந்தது. "வெளக்கு இல்லாட்டி வண்டி ஓடாதா? இஞ்சினு இருக்குல்ல? பட்டப்பகல்ல எதுக்குய்யா வெளக்கு?"

ஆரோக்கியம் சாவியைத் திருப்பிக்கொண்டே சொன்னார். "இஞ்சினு நம்மளத்தான் தள்ளும் ஆத்தா. முன்னாடி நிக்கிறவன யாரு தள்ளுறது?"

மச்சினன்

வெளியாட்களிடம் பலகையைக் காட்டலாம். சொந்தக்காரனிடம் எதைக் காட்டுவது? முருகேசன் என் மனைவியின் தம்பி. அக்கா இறந்த பிறகும் ஒரு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கறி வாங்கிக்கொண்டு வந்து, தானே குழம்பு வைத்து, என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகிறவன். எனக்கென்று வருகிற ஒரே ஆள். அவனுக்குக் கட்சியில் சின்னதாக ஒரு பொறுப்பு கிடைத்தது. அந்த வாரமே புதுக் கார் வந்தது. கார் வந்த மறுநாள் நீல விளக்கு ஒன்றைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கடைக்கு வந்தான்.

"அத்தான், முன்னாடி கிரில்லுக்குள்ள வச்சுருங்க. வெளிய தெரியாது."

"வெளிய தெரியாத வெளக்கு எதுக்கு மாப்ள?"

"வேணுங்கிறப்ப தெரியும்."

"இன்ஸ்பெக்டர் சொன்னது ஒனக்கே தெரியும். கடை போயிரும்."

"போனாப் போகுது, நான் இல்லையா?"

"நீ ஞாயித்துக்கிழமை மட்டுந்தான் இருக்க. மிச்ச ஆறு நாளைக்குக் கடைதான் இருக்கு."

அவன் முகம் சுருங்கிவிட்டது. நான் வேறு மாதிரி சொல்லியிருக்கலாம், வாயில் வந்துவிட்டது. விளக்கைத் திரும்பத் துண்டில் சுற்றினான். காரில் ஏறி, கண்ணாடியை இறக்கி ஒன்று சொல்லிவிட்டுப் போனான். அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமையும் நான் தனியாக ரசம் வைத்துக்கொண்டேன். அவன் சொன்னது இதுதான்: "அக்கா இருந்தவரைக்கும் நீங்க மனுசனா இருந்தீங்க அத்தான். இப்பத்தான் சட்டம் படிக்கிறீங்க."

ஒயரைப் பார்த்துச் சொன்ன தீர்ப்பு

முருகேசன் வேறு யாரிடமோ அந்த விளக்கை மாட்டிக்கொண்டான். மாட்டிக்கொண்டு, மின்னவிட்டபடி நத்தம் ரோட்டில் போயிருக்கிறான். வழியில் புளி உலுக்க மரம் ஏறிய ஒருவர் விழுந்து கால் முறிந்து கிடந்தார். கூட்டம் ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்தது. நீல வெளிச்சத்தைக் கண்டதும், "வந்துருச்சு, வந்துருச்சு!" என்று நாலு பேர் ரோட்டை மறித்து, கதவைத் திறந்து, விழுந்தவரைப் பின் சீட்டில் கிடத்திவிட்டார்கள். அவர் மனைவி ஏறினார், அம்மா ஏறினார், அரைச் சாக்குப் புளியோடு மச்சினர் ஒருவரும் ஏறினார். பிளாஸ்டிக் உறைகூடக் கிழிக்காத சீட்டு. முருகேசன் வாயைத் திறப்பதற்குள், "பாத்துக்கிட்டே இருக்கியே, சைரனப் போடு டிரைவரு!" என்று அந்த அம்மா அவன் தோளில் தட்டியிருக்கிறார். அரசு ஆஸ்பத்திரி வரைக்கும் ஒழுங்காகக் கொண்டுபோய்ச் சேர்த்தான், அதைச் சொல்லியாக வேண்டும். சேர்த்த இடத்தில், யாரையோ பார்க்க வந்திருந்த பிரேக் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். "யாருய்யா மாட்டுனது?" என்று கேட்டிருக்கிறார். என் மச்சினன் என் கடைப் பெயரைச் சொல்லிவிட்டான்.

மறுநாள் காலையில் இருவரும் காரோடு கடை வாசலில் நின்றார்கள். நான் மாட்டவில்லை என்று சொல்லலாம். சொன்னால் முருகேசன் பொய்யன், சொல்லாவிட்டால் கடை இல்லை. நான் ஒரு முடிவு கட்டுவதற்குள் இன்ஸ்பெக்டர் பானட்டைத் திறக்கச் சொல்லிக் குனிந்தார். விளக்கிலிருந்து ஒயரைத் தொட்டுக்கொண்டே போனார். ஹார்ன் ஒயரைச் சுரண்டி அதில் முறுக்கி விட்டிருந்தது. ஃபியூஸ் இல்லை. சுற்றியிருந்தது பரிசுப் பொட்டலத்துக்கு ஒட்டுகிற செல்லோடேப். எனக்குப் பயம் போய்க் கோபம் வந்தது. வெயிலில் அது உருகி உரசினால் வண்டியே எரிந்துபோகுமே என்று நானே கத்தரியை எடுத்துக்கொண்டு கிட்டே போய்விட்டேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார், முருகேசனைப் பார்த்தார். "இத இவர் மாட்டலய்யா. இத்தன வருசமா இவர் கை பட்ட வண்டியப் பாத்துட்டு இருக்கேன். இவரு குடிச்சிட்டு, கண்ணக் கட்டிக்கிட்டு மாட்டுனாக்கூட இம்புட்டுக் கேவலமா வராது" என்றார். என்னையே கழற்றச் சொன்னார். முருகேசனுக்கு அபராதச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஜீப் மறையும் வரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம். "ஏன் மாப்ள, மாட்டுனவன் பேரச் சொல்லாம என் பேர எதுக்குச் சொன்ன?" என்று கேட்டேன். கூச்சமே இல்லாமல், நியாயம் பேசுகிற குரலில் சொன்னான். "அவன் பேரச் சொன்னா அவன் ஆயுசுக்கும் என்ன மன்னிப்பானா அத்தான்? நீங்கன்னா ஞாயித்துக்கிழமைக்குள்ள மறந்துருவீங்க. குடல் வாங்கவா, ஈரல் வாங்கவா?"

விளக்கு மாட்டுகிற வேலையை நான் ஆறு மாதத்தில் கற்றுக்கொண்டேன். மாட்டாமல் இருக்கிற வேலைதான் இத்தனை வருஷமாகியும் முழுசாகக் கைவரவில்லை.